உங்கள் இடத்தில் கிடைக்காது

ஷட்டரைப் பாதி இறக்கும் நேரத்துக்குத்தான்
அந்த வண்டி வரும்.
டோனெகால் நம்பர் பலகை. ஒரு பக்க விளக்கு எரியாது.
ஹியூகி இறங்கி ஒரு பொட்டலம் சிப்ஸ் கேட்பார்,
வினிகர் தூக்கலாக.
பிறகு, திருட்டுச் சாமானுக்கு விலை கேட்பவர்போல,
"வைஃபை போட்டிருக்கிறாயா, டெர்வ்லா?"

எல்லைக்கோடு எங்கள் கடையிலிருந்து முந்நூறு அடி.
கோடு என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன்.
தாரின் நிறம் மாறும், மைல் கிலோமீட்டராகும், அவ்வளவுதான்.
காவல் சாவடி இருந்த இடத்தில்
இப்போது கார் கழுவுகிறார்கள்.
வரைபடத்தில் அவர்கள் எங்களுக்கு வடக்கே;
ஆனாலும் அதைத் தெற்கு என்றுதான் சொல்கிறோம்.

போன வசந்தத்தில் படப்பிடிப்புக்காரர்கள் வந்தார்கள்.
இந்தப் பக்கத்துக் கம்பெனி, அந்தப் பக்கத்து மேய்ச்சல் நிலம்.
ஹியூகியின் மேட்டை இரண்டு நாள் வாடகைக்கு எடுத்து
அதில் ஒரு பிணத்தைக் கிடத்தினார்கள்.
பிணமாக நடித்த பையனுக்கு நோரீன்
மூன்று தடவை தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தாள்.
செத்தவன் நடுங்கக் கூடாது என்று இயக்குநர் கத்தினாராம்.

தொடர் வந்தது. எட்டுப் பகுதிகள்.
எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று விளம்பரம்.
அவர்கள் வீட்டுச் சன்னலுக்கு வெளியே அந்த மேடு;
உள்ளே, திரையில், ஒரே ஒரு வரி:
உங்கள் இடத்தில் இது கிடைக்காது.
"எங்கள் இடத்தில்தானய்யா எடுத்தீர்கள்!"
நோரீன் டிவியிடமே சொல்லிப் பார்த்தாளாம்.

அந்தக் காலத்தில் ஆன்டெனாவைக் கிழக்கே திருப்பினால் போதும்
என்பார் ஹியூகி. படம் தானாக வழிந்து வரும்,
கொஞ்சம் தூறலோடு.
இப்போது வருவது
ஊர் பேர் விசாரித்துவிட்டுத்தான் உள்ளே வருகிறது.
அவருடைய அம்மா இதே சாலையில்
கோட்டுக்குள் வெண்ணெய் கட்டிக்கொண்டு சைக்கிளில் வந்தவள்.
சுங்கக்காரன் அவளைக் கணப்பருகே உட்காரவைத்து
வானிலை பேசுவானாம், உருகி வழியும் வரை.
"இதை எங்கே கட்டிக்கொண்டு போவது?"
கைப்பேசியைத் தூக்கிக் காட்டுகிறார்.

எனக்கும் இதில் ஒரு கணக்கு உண்டு.
ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் அந்தப் பக்கத்துச் செயலியில் மட்டும்.
ஆடுவது எங்கள் பையன்கள். கோல்காரன் என் சித்தி மகன்.
என் சோபாவில் உட்கார்ந்தால் அதே வரி வரும்.
அதனால் ஞாயிறு மதியம் நான் அவர்கள் வீட்டில்;
வியாழன் இரவு அவர்கள் என் கடை வாசலில்.
யாரும் பேசி முடிவு செய்ததில்லை.

காசு வாங்காமல் எதற்கு இணைப்பு என்று
முதலாளி ஒருநாள் கேட்டான்.
மீன் வறுக்கிற சட்டி ஆறும் வரை
அதை அணைக்கக் கூடாது என்றேன்.
இரண்டுக்கும் சம்பந்தமில்லை. அவனுக்குத் தெரியாது.

நேற்று மூன்றாம் பகுதி.
தரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.
ஆவி படிந்த வண்டிக் கண்ணாடியில் நீல வெளிச்சம்.
திடீரென்று கதவு திறந்து, "வா, வா, ஓடி வா!"
துடைப்பத்தோடு ஓடினேன்.
பின்சீட்டில் தீவன மூட்டை; சன்னல் வழியாகக் குனிந்தேன்.

பிணத்தைச் சுற்றிப் போலீஸ்காரர்கள். வயலின் அழுகிறது.
பின்னால், மேட்டு உச்சியில், ஒரு பசு
நான்கு விநாடி நடந்து போகிறது.
"நம்ம ரோஸி!"
ஹியூகி திருப்பி ஓட்டினார். மறுபடியும்.
ஒன்பது தடவை ரோஸி இடமிருந்து வலம் போனாள்,
ஒன்பது தடவையும் கேமராவை மதிக்காமல்.
கொலைகாரன் யாரென்று வண்டிக்குள் யாருக்கும் அக்கறையில்லை.
நோரீன் மட்டும் மெல்லச் சொன்னாள்:
"கேட்டுக்குப் பெயின்ட் அடித்திருக்கலாம்."

பத்தரைக்குக் கிளம்பினார்கள்.
ஒற்றை விளக்கு வளைவில் மறைந்தது.
நான்கு நிமிடத்தில் வீடு.
ரோஸி இருட்டில் படுத்து
அசைபோட்டுக்கொண்டிருப்பாள்,
யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.