அளவுத் தகடு

பீடிக்கடையில் கழித்துப்போட்ட இரண்டு கட்டு
இன்னும் மடியில் கனக்க
முக்கூடல் பஸ்ஸை விட்டு இறங்கி ஓடினேன்.
வெள்ளிக்கிழமை, மூணு மணிக் கூட்டம்.

ஐந்தாம் வகுப்பு அறை. பிள்ளைகளின் பெஞ்சு.
பெரிய ஆட்களுக்கு முட்டி இடிக்கிறது.
எனக்கு மட்டும் நாற்காலி,
சாருடையதைவிட நாலு விரல் தணிவாக.
பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி.
சுவரில் எழுதிய என் பெயரில்
'முப்பிடாதி'க்குப் புள்ளி விட்டுப்போயிருந்தது.
அதை நான் ஒருநாளும் கேட்டதில்லை.

தீர்மானப் புத்தகம் பீரோவிலிருந்து வந்தது.
பதினேழாவது பெயரை
ஸ்கேல் வைத்து, சிவப்பு மையில்
அடித்திருந்தது.
சுடலைவடிவு.
கோடு அவ்வளவு நேர்.

"அந்தம்மாவ நீக்கியாச்சு" என்றார் ஞானதிரவியம் சார்.
"போன மாசம் என்ன பேச்சு பேசுனாவ!"
என்ன பேசினாள்?
பில்லில் நாலு குழாய், தொட்டியில் மூணு.
மிச்சம் ஒண்ணு எங்க சார்
என்றாள்.

ராத்திரி எவனோ கழற்றிக்கொண்டு போனான்.
அது நிஜம், எல்லோருக்கும் தெரியும்.
சம்பளத்தில் சாக்பீஸ் வாங்குகிறவர் சார்.
வாய்க்கால் பெருகும் நாளில்
வேட்டியை மடித்துக் கட்டிப்
பிள்ளைகளை எண்ணி எண்ணி அக்கரை விடுகிறவர்.
என் மகனின் சான்றிதழுக்காகத்
தாலுகா ஆபீசுக்கு மூன்று நடை நடந்தவர்.
காசு தின்கிற ஆள் இல்லை.
எந்தக் கோயில் நடையிலும் சொல்வேன்.

ஆனால்
என் சொளவில் ஒரு தகடு கிடக்கிறது.
இலைமேல் வைத்து, ஓரம் ஒட்டி வெட்டணும்.
இலை நல்லா இருக்கே என்று அகலமாய் வெட்ட முடியாது.
தூள் கம்மி என்று ஒடுக்கவும் முடியாது.
வெட்டுகிற கை
நல்ல கையா என்று
தகடு கேட்பதில்லை.

வட்டார வள மையத்தில், பயிற்சி அன்றைக்கு
சாம்பார் சாதத்தோடு தந்த கையேட்டை
இலை நனைகிற நேரத்தில்
எழுத்துக் கூட்டிப் படித்திருந்தேன்.
நாலில் மூணு பங்கு பெற்றோர்.
பாதிக்குப் பாதி பெண்கள்.
தலைமையாசிரியர் கூட்டத்தைக் கூட்டுகிறவர்.
அந்த ஸ்கேலை மட்டும்
எந்தப் பக்கத்திலும் காணோம்.
புகையிலைக் கறை பிடித்த விரலோடு
இரண்டு தடவை தேடினேன்.

"சார், கூட்டம் போடுறது நீங்க.
புத்தகமும் உங்க பொறுப்பு.
ஆள எடுக்கிறது உங்க கையில இல்லியே.
பெத்தவங்க கூடி வச்ச பேருல்லா அது."

வார்டு மெம்பர் போனைத் தடவினார்.
பின்பெஞ்சில் யாரோ இருமினார்கள்.
"பதினோரு வருசமா இந்தப் பள்ளிக்கூடத்துக்கு..."
என்று தொடங்கிய சார்
வாக்கியத்தை முடிக்காமல்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
துடைத்த பிறகும் துடைத்தார்.
எனக்கு அடிவயிறு கூசியது.
என் இடத்தில் கையெழுத்துப் போடாமல்
புத்தகத்தை அவர் பக்கம் தள்ளினேன்.
தள்ளிய கை நடுங்கியதை
பெஞ்சில் இருந்தவர்கள் பார்த்திருப்பார்கள்.

வெகுநேரம் கழித்து
நீல மைப் பேனாவை எடுத்தார்.
சிவப்புக் கோடு அழியாது. அது அங்கேயே கிடக்கட்டும்.
பட்டியலின் அடியில்
மறுபடி எழுதினார்: சுடலைவடிவு.
நிமிராமலே கேட்டார்,
"இனிஷியல் என்ன?"

ஒருவருக்கும் தெரியவில்லை.
மகனைக் கூட்டிப்போக வந்தவள்
வெளியே தொட்டியடியில் கால் கழுவிக்கொண்டிருந்தாள்.
ஜன்னல் வழியே கூப்பிட்டேன்:
"ஏளா, ஒன் இனிஷியல் என்னது?"

"எதுக்குக் கேக்க?"

நாலாவது குழாய் இன்னும் வரவில்லை.
அன்றைக்கு இரண்டாவது தீர்மானம்
அதுதான்.