விரல்விட்டு எண்ணியவன்

மானிடோபாவில் ஒரு சிறு தொழிற்சாலை.
கோதுமையைத் தரையிலிருந்து குதிருக்கு ஏற்றும்
திருகுக் குழாய்கள் செய்கிறோம்.
நான் அங்கே கணக்கன்.

குழாயின் வாய்க்குக் கம்பி வலை போடலாமா என்று
பட்டறையிலிருந்து ஒருமுறை கேட்டிருந்தார்கள்.
வலை ஒன்றுக்குப் பதினொரு டாலர் நாற்பது சென்ட்.
வருடத்துக்கு அறுநூறு குழாய்.
பெருக்கினேன்: ஆறாயிரத்து எண்ணூற்று நாற்பது.
கீழே ஒரு வரி சேர்த்தேன்:
"விபத்துகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். வலை தேவையில்லை."

அந்த வரியை
வினிபெக் நீதிமன்றத்தில்
என்னையே உரக்க வாசிக்கச் சொன்னார்கள்.
எதிரே ஓரெஸ்ட் டானில்சுக்,
டாஃபின் பக்கத்து விவசாயி.
வலது கையைக் கோட்டுப் பையிலிருந்து
கடைசிவரை எடுக்கவே இல்லை.
அதில் மூன்று விரல்கள் குறைவு என்று
ஆவணத்தில் இருந்தது.
"விரல்விட்டு" என்ற இடத்தில்
எனக்குத் தொண்டை அடைத்தது.
தண்ணீர் கொடுத்தார்கள்.

யாருக்கும் விலங்கு மாட்டவில்லை.
என் முதலாளி அன்றிரவும் வீட்டில்தான் சாப்பிட்டார்.
நீதிபதி சொன்னது ஒரு தொகை மட்டும்:
நான்கு லட்சத்துப் பன்னிரண்டாயிரம்.
ஓடும் இயந்திரத்தில் கைவிட்டது ஓரெஸ்டின் பிழையும்தான் என்று
அதில் ஐந்திலொரு பங்கைக் கழித்தார்.
கழித்ததை வகுத்துப் பார்த்தேன், பழக்கதோஷம்:
நாற்பத்தெட்டு வருடத்து வலை.

நட்டஈடு என்கிறோம்.
அதில் நட்டம் இருக்கிறது,
ஈடு எங்கே என்று தெரியவில்லை.
ஓரெஸ்டின் சட்டைப் பொத்தானை
இன்னும் அவர் மனைவிதான் போட்டுவிடுகிறாராம்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்.
பாதுகாப்பு வாரத்தில் வந்து உருக்கமாகப் பேசியவருக்கு
நாங்கள் தலையாட்டினோம்,
காபி குடித்தோம், கலைந்தோம்.
தீர்ப்பு பேசியது
எங்களுக்குத் தெரிந்த ஒரே மொழியில்.
காப்பீட்டுக்காரர் புதிய பிரீமியத்தைத் தாளில் எழுதி
தாளைத் திருப்பி வைத்தார்.
திங்கட்கிழமை வலைகள் வந்து இறங்கின.

சஸ்காட்சுவானில் எங்கள் போட்டிக்காரன்,
அவன்மேல் வழக்கே இல்லை,
தீர்ப்பை வாசித்த வாரமே வலைக்கு ஆர்டர் கொடுத்துவிட்டான்.
அடி எங்களுக்கு, புத்தி அவனுக்கு.

அதன்பின் எத்தனை கைகள் தப்பின?
கணக்குப் புத்தகத்தில்
நடக்காததற்குப் பத்தி கிடையாது.
பத்து வருடமாக
அந்த வெற்றிடத்தை நான்தான் கூட்டிக் கூட்டிப் பார்க்கிறேன்.

போன நவம்பரில் ஒரு புகார்க் கடிதம்.
ரோப்லினிலிருந்து லேசியா ப்ரோகொப்சுக்:
"உங்கள் வலையில் மாட்டி
என் மகனின் கம்பளிக் கையுறை கிழிந்துவிட்டது.
போன வாரம்தான் வாங்கியது.
இருபத்திரண்டு டாலரை உடனே அனுப்பவும்."
சாட்சிக்குக் கையுறையையும் வைத்திருந்தாள்.
சிறியது, பச்சை நிறம்.

மேசைமேல் விரித்து வைத்து
ஒவ்வொன்றாகத் தொட்டேன்.
சுண்டுவிரலில் மட்டும் நூல் பிரிந்திருந்தது.
பையனின் கையைப் பற்றிக்
கடிதத்தில் ஒரு சொல் இல்லை.

சட்டப்படி தரவேண்டியதில்லை என்றார் வக்கீல்.
தெரியும் என்றேன்.
சில்லறைச் செலவு என்று எழுதிக்
கையெழுத்திட்டேன்.