இரண்டாவது முதல்

"இது திரும்பி வந்தது இல்லை" என்றார் டாக்டர் ஓங்,
நல்ல செய்தி சொல்கிறவர் மாதிரி.
"பழையதற்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது.
இது தனி. இது புதுசு."

தாளில் அதற்கொரு பெயர் அச்சாகியிருந்தது.
அவுட்ரமில் ஊதா ரயில் ஏறி
தமிழில் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.
பூன் கெங் வரும்போது கிடைத்தது:
இரண்டாவது முதல்.

இருபத்திரண்டு வருடம் கடைக் கணக்கு எழுதுகிறவள்.
முதல் என்றால் எனக்குப் போட்ட பணம்.
மேலே வந்தால் லாபம்,
போட்டதும் போனால் முதலுக்கே மோசம்.
ஒரு கடை மூடி மறு கடை திறந்து
இரண்டாம் முறை முதல் போட்டவர்களின் பேரேடும்
என் கையெழுத்தில்தான் இருக்கிறது.
இந்த உடம்பில் யார் கொண்டுவந்து போட்டது இது?
எந்தப் பக்கத்தில் வரவு வைக்க?

"திரும்ப வந்துருச்சாமே" என்று அண்ணி போன் செய்தாள்.
இல்ல அண்ணி, இது வேற.
"வேறன்னா?"
எனக்கும் விளக்க வரவில்லை.
"ஒரு தடவ ஜெயிச்சவதானே நீ" என்றாள்.

ஜெயிக்கவில்லை அண்ணி, காவல் காத்தேன்.
மூன்று மாதம், ஆறு மாதம், வருடத்துக்கொன்று என
பதினோரு வருடம்
வாசலில் நாற்காலி போட்டு
போனதே திரும்பி வருமா என்று
லிஃப்ட் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தேன்.
இது உள்ளேயிருந்து வந்து
தோளைத் தட்டுகிறது.
பத்தாவது மாடி வீட்டுக்குப்
பின்வாசலே கிடையாது.

அலமாரி மேலே பழைய பொய்முடி,
பிஸ்கட் டின்னுக்குள்.
நெற்றியில் வெட்டிவிட்ட அந்தக் கத்தரிப்பு
இப்போது யாரும் வைப்பதில்லை.
நன்முகை ஆறு வயதில் அதை மாட்டிக்கொண்டு
பொம்மைகளுக்கு வாய்ப்பாடு நடத்தினாள்.
இப்போது பதினேழு, ஜேசி, உயிரியல்.
மரபணுப் பரிசோதனைத் தாளை
என்னைவிட வேகமாகப் படித்தாள்,
தேர்வு முடிவில் தன் எண்ணைத் தேடுகிறவள் போல.
மடித்து வைத்துவிட்டு,
"மேகி போடவாம்மா, முட்டை சேர்த்து?" என்றாள்.
போடு என்றேன்.
இருவரும் மிச்சம் வைத்தோம்.

அவள் அப்பா முதல் தடவை அழவில்லை.
இந்தத் தடவை
கீழே காப்பிக்கடையில்
ஆறிப்போன கோப்பி-ஓவின் முன்னால்
பக்கத்து வீட்டு மிஸ்டர் கோ அவரைப் பார்த்திருக்கிறார்.
என்னிடம் சொல்ல வேண்டாம் என்றுதான்
என்னிடம் சொன்னார்.

இடது கையில் ஊசி கூடாது.
இதை நான்கு மொழியில் சொல்லப் பழகியிருந்தேன்.
தாங்ஙான் கிரி, தா போலே.
அக்குளில் நிணநீர்க் கழலைகளை எடுத்த பக்கம்;
தேக்கா சந்தையில் வெங்காயப் பையைக்கூடத் தூக்காது.
எல்லாவற்றுக்கும் வலக் கைதான் போனது.
ரத்தம் கொடுக்க அது, அழுத்தம் பார்க்க அது,
கோவிட் ஊசி அத்தனைக்கும் அது.
மூத்த பிள்ளை மாதிரி
ஒன்றும் கேட்காமல் நீண்டுகொண்டே இருந்தது.
இப்போது வந்திருப்பது அந்தப் பக்கம்.

அறுவை முடிந்த மறுநாள் காலை
தட்டுடன் வந்த தாதியின் அட்டையில் கின் தண்டார் என்றிருந்தது.
இடக் கையைத் தொட்டாள், கூடாது என்றேன்.
சுற்றி வந்தாள்.
பழக்க தோஷத்தில் வலக் கையை நீட்டிவிட்டு,
ஐயோ இதுவும் கூடாதே என்று
இழுத்துக்கொண்டேன்.
அவள் ஊசியும் கையுமாக நின்றாள்.
எங்கள் இருவருக்கும் சிரிப்பு வந்தது,
கட்டுக்குள் வலித்தது.

பிறகு கால்மாட்டுக்குப் போய்ப்
போர்வையை மடித்தாள்.
வெந்நீரில் பிழிந்த துண்டைச் சுற்றினாள்.
மெட்டி போட்ட தடம் வெளுத்திருந்த பாதம்;
ஐம்பது வருடம் என்னைச் சுமந்ததைத் தவிர
ஒன்றும் அறியாதது.
விரலால் தட்டித் தட்டி
நரம்பைக் கூப்பிட்டாள்.

சுர்ரென்று உச்சிவரை ஏறியது.
கை இப்படி வலித்ததே இல்லை.

"முதல் தடவையா?" என்றாள், பஞ்சை அழுத்தியபடி.

ஆமாம்.
இதற்கு இதுதான் முதல்.