செயப்பாட்டு வினை

தாம்பரேயிலிருந்து ஹெல்சின்கிக்குப் போகும் காலை ரயிலில்
முப்பத்தொரு வருடம் இடது பக்க ஜன்னல்.
உறைந்த ஏரிகள் ஓடிக்கொண்டிருக்க
மடியில் வழிகாட்டு நெறிகள்.
சிவப்பு மை தீர்ந்துபோனால் பச்சை.

அமைச்சகத்தின் நான்காம் மாடி.
இரண்டு மருத்துவர்கள், ஒரு பாதிரியார், ஒரு வழக்கறிஞர்,
பொதுமக்கள் தரப்பில் ஒரு பேருந்து ஓட்டுநர்,
தத்துவம் படித்த நான்.
ஏலக்காய் ரொட்டி காய்ந்துபோகும்வரை
ஒரு சொல்லின் வாலைப் பிடித்து இழுப்போம்.
நிறுத்தலாமா, நிறுத்த வேண்டுமா?
ஓட்டுநர் வெய்னோதான் ஒருமுறை கேட்டார்:
"நிறுத்தம் வந்தால் நான் நிறுத்துவேன்.
இங்கே யார் நிறுத்துவது?"
சிரித்தோம்.
கூட்டக் குறிப்பில் அது ஏறவில்லை.

கடைசியில் என் வாக்கியம் நின்றது.
பிரிவு ஏழு, உட்பிரிவு இரண்டு:
'பயனளிக்காத நிலையில் சுவாசக் கருவி நிறுத்தப்படலாம்.'
சுத்தமான வாக்கியம். எழுவாய் இல்லை. கை இல்லை.
எங்கள் மொழியில் இதற்கு நல்ல வசதி உண்டு,
ஆளே இல்லாமல் காரியம் முடிந்துவிடும்.
அதை வைத்து நான்கு கட்டுரைகள்,
லிஸ்பனில் ஒரு மாநாடு, ஒரு பதவி உயர்வு.

காயானியிலிருந்து கடிதம் வந்தது, தாளில், பென்சிலில்.
ரைலி முஸ்தகங்காஸ், இரவுப்பணி செவிலியர்.
"உட்பிரிவு இரண்டை வாசித்துவிட்டுத்தான் உள்ளே போனேன்.
மருத்துவர் கையெழுத்துப் போட்டுவிட்டு
தாழ்வாரத்தில் நின்றார்.
முதலில் அலாரத்தை அணைக்க வேண்டும், அது அதில் இல்லை.
பொத்தானை விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும்,
இல்லையென்றால் கருவி திரும்பக் கேட்கும், உறுதிதானா என்று.
அதுவும் இல்லை.
மூன்று விநாடி, பேராசிரியரே."

பதிலை நான்கு தடவை எழுதினேன்.
நான்கும் 'வருத்தம் தெரிவிக்கப்படுகிறது' என்றே முடிந்தன.

அடுத்த பதிப்பில் ஓர் எழுவாய் வைத்துப் பார்த்தேன்:
'கையெழுத்திட்டவரே நிறுத்துவார்.'
மருத்துவர்கள் இருவரும் வேண்டாமென்று தலையசைத்தார்கள்,
அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அது.
வழக்கறிஞர் கடிகாரம் பார்த்தார்.
வெய்னோ அந்த வருடம் குழுவில் இல்லை.

நாளை எனக்குப் பிரிவுபசாரம்.
கேக்கில் பெயரைப் பிழையாக எழுதியிருப்பதாக
செயலாளர் இப்போதே மன்னிப்புக் கேட்டுவிட்டாள்.
பெட்டிகளோடு லிஃப்டில் தனியாக நின்று
கதவு மூடும் பொத்தானில் விரலை வைத்தேன்.
ஒன்று.
இரண்டு.
எடுத்துவிட்டேன்.
கதவு மறுபடி திறந்துகொண்டது.
பனித்தொப்பியோடு யாரோ உள்ளே வந்து
"எந்த மாடி?" என்றார்.