மஞ்சள் எரிந்த பதினோரு நாள்

முதலில் பால் குண்டானின் அடிதான் சொன்னது.
தேய்த்துக் கவிழ்த்தால் வெள்ளை,
ஒரு டீ போட்டால் கறுப்பு.
"மட்டமான சோப்பு" என்றான் டில்லி.
சோப்பை மாற்றினேன்.
அப்புறம் நாரை மாற்றினேன்.
அடுப்பை மட்டும்
யாரும் குனிந்து பார்க்கவில்லை.

பார்த்தபோது
இடது பர்னரில் தீ மஞ்சளாக, சோம்பலாக
குண்டானின் தோளைத் தடவிக்கொண்டிருந்தது.
தாலிச் சரடு மஞ்சள், நிலைப்படி மஞ்சள்,
பத்திரிகையின் நாலு மூலையும் மஞ்சள்.
நல்லதுக்கெல்லாம் மஞ்சளைப் பார்த்த கண்ணுக்கு
இது கெட்டது என்று பட
நாலு நாள் ஆனது.

புளித்தண்ணியில் பர்னரை ஊறப்போட்டேன்.
பித்தளை பளபளத்தது. தீ மாறவில்லை.
டில்லி செல்போனில் எதையோ பார்த்துவிட்டு
என் ஊக்கைக் கழற்றி வாங்கி
ஜெட்டின் வாயில் விட்டுக் குடைந்தான்.
ஹார்பரில் கிரேனையே பிரித்துப் போடுகிறவன்,
"இது இன்னா பெரிய இது" என்றான்.
அன்றிரவு தீ இன்னும் உயரம், இன்னும் மஞ்சள்.
அணைக்கும்போது
'டப்' என்று உள்ளே யாரோ விரல் சொடுக்கிய சத்தம்.
போன வாரம் மாட்டிய சிலிண்டரை
ஒரு கையால் சாய்க்க முடிந்தது.

வாசனை வந்தது ஒன்பதாம் நாள்.
எர்ணாவூரில் வாசனையை வைத்து என்ன கண்டுபிடிப்பது?
மேற்கே மணலி. காற்று அங்கிருந்து திரும்பினால்
சில ராத்திரி அழுகின முட்டை,
சில ராத்திரி தார்,
சில ராத்திரி இன்னும் பேர் வைக்காத ஒன்று.
தொண்டை கமறினால்
ஃபேனை அஞ்சில் வைத்துத் திரும்பிப் படுக்கிறவர்கள் நாங்கள்.
இது எங்களுதா, ஊருதா?

எதிர்வீட்டு கோட்டீஸ்வரி
சீப்பைத் தலையிலேயே செருகிக்கொண்டு சொன்னாள்:
"அடுப்ப அணச்சிட்டு ஜன்னல சாத்து. பத்து நிமிஷம் குந்து.
கொறஞ்சா ஊரு. ஏறுச்சின்னா ஊடு.
லைட்டு கிட்டு தொட்டுடாத."

சாத்தினோம்.
நிரஞ்சனி இருட்டில் எண்ண ஆரம்பித்தாள்.
பரீட்சைக்குக்கூட அவ்வளவு ஒழுங்காக அவள் உட்கார்ந்ததில்லை.
முன்னூற்றுப் பத்தில் நிறுத்தினாள்.
"ஏறுதும்மா."

தடவிப் போய் ரெகுலேட்டரைத் திருகி மூடினேன்.
அப்புறம் எல்லா ஜன்னலையும் திறந்தோம்,
ஊர் நாற்றத்தை உள்ளே விட்டு
எங்கள் நாற்றத்தை வெளியே அனுப்ப.

ரெண்டு நாள் கடை இட்லி.
பதினோராம் நாள் அமீர்ஜான் வந்தார்,
டிவிஎஸ் வண்டி, ஒரு ரெக்ஸின் பை, கழுத்தில் கண்ணாடி.
தீயைப் பற்றவைக்கவே இல்லை.
சோப்பு நுரையைக் குழாய் நெடுக்கத் தடவி
ஆஸ்பத்திரிக்காரர் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.
குழாயில் ஒன்றுமில்லை.
திருகும் குமிழுக்குக் கீழே
ஒரு குமிழி
மெதுவாக, அவசரமே இல்லாமல், பெருத்தது.

"கிரீஸ் காஞ்சி போச்சிம்மா. அது ஒண்ணு.
ஜெட்ட யாரு குத்துனது?"
டில்லி ஜன்னலைப் பார்த்தான்.
"ஓட்ட பெருசாயிடுச்சி. கேஸ் ஜாஸ்தி, காத்து பத்தல.
காத்து பத்தலன்னா தீ மஞ்சளாவும்.
மொத நாளே கூப்ட்ருந்தா நூத்தியம்பது ரூவா."
இப்போது அறுநூற்று எண்பது.

பற்றவைத்தார்.
சுற்றிலும் நீலம், குட்டை குட்டையாக,
பால்பல் வரிசை.
சத்தமில்லை. நிரஞ்சனிதான் கைதட்டினாள்.

டீயை வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் நின்றார்.
மணி ஆறரை. தூரத்தில் மணலிப் புகைபோக்கி,
அதன் உச்சியில் எப்போதும் எரியும் அந்தத் தீ,
ஆள் உயரம் போல எத்தனையோ மடங்கு, மஞ்சள்.
தொழில் பழக்கம்தான், வேறொன்றுமில்லை,
ஒரு மிடறு குடித்துவிட்டுச் சொன்னார்:
"அதுக்கும் காத்து பத்தல."

டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டார்.
குண்டானில் பழைய கறுப்பு
விளிம்போரம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது.
தேய்க்கிறேன்.