தூண்

நாங்கள் இருக்கும் ஊரின் பெயரைத்
தமிழில் எழுதினால் தூண்.
கடித உறைகளில் வேறு மாதிரி எழுதியிருக்கும்.
எங்கள் வாய்க்குள் வந்தால் இதுதான்.

ஏரிக்கரை வங்கியின் இரண்டாம் மாடியில்
திருமதி சூர்புகன்
வெள்ளைத் தாளில் மூன்று தூண் வரைந்தார்.
முதலாவது அரசாங்கம், இரண்டாவது முதலாளி,
மூன்றாவது நீங்கள்.
மேலே கூரை. கை ஓடிவிட்டதால்
ஒரு புகைக்கூண்டும் வைத்தார்.

நாற்பத்து நான்கு வருடம் கட்டினால் முதல் தூண் முழுசு.
எனக்கு அறுபத்தைந்தில் முப்பத்தாறுதான் வரும்.
மிச்சம் எட்டும் எங்கே என்று கேட்டார்.
கொஞ்சம் கொழும்பு லாட்ஜில்.
கொஞ்சம் கியேவில், வெளியே பூட்டிய அறையில்
பதினொரு பேரோடு.
கொஞ்சம் இந்த நாட்டு முகாமிலேயே,
பதில் வரும்வரை உருளைக்கிழங்கு உரித்தபடி.
படிவத்தில் அதற்கு ஒரே சொல்தான்:
இடைவெளி.

இரண்டாவது,
இருபத்தெட்டு வருட மருத்துவமனைச் சமையலறை.
நீராவிக்குள் இருந்து தட்டுகள் வந்துகொண்டேயிருக்கும்,
யாரோ பாதி சாப்பிட்ட பட்டாணியுடன்.
மாதாமாதம் பிடித்ததை
இன்றுதான் மொத்தமாகப் பார்த்தேன்.
எனக்குத் தெரியாமல் என் பெயரில் ஒருவன்
சிக்கனமாக வாழ்ந்திருக்கிறான்.

தவமலருக்கு அந்தத் தூண் இல்லை.
காலையில் பள்ளிக்கூடம்,
திங்களும் வியாழனும் பல் வைத்தியர் வீடு,
புதன் அந்த இரட்டைக் குழந்தைக்காரர்.
எல்லோரும் நல்லவர்கள். நத்தாருக்குச் சொக்லேட் தருவார்கள்.
மூன்றையும் கூட்டினால் ஒரு சம்பளம்.
சட்டம் கூட்டிப் பார்க்காது.
தனித்தனியே நிறுத்தி அளந்தால்
ஒன்றுமே கோட்டைத் தொடவில்லை.

"மாதம் எவ்வளவு மிஞ்சும்?"

வாடகை ஆயிரத்து அறுநூறு.
நோய்க் காப்புறுதி நான்கு தலைக்கு.
வரி, ரயில் அட்டை, சின்னவளின் பல்லுக்குக் கம்பி.
மிஞ்சும் என்ற சொல்லை
நான் குழம்புக்குத்தான் பாவித்திருக்கிறேன்.
இரண்டாயிரத்து ஆறில்
முப்பதாயிரம் பிராங் சீட்டைக் கழிவு போக எடுத்து
மச்சானை வெளியே எடுத்தேனே,
அது சேமிப்பில் வராதா?
திரையில் மேலும் கீழும் தேடினார்.
அதற்குப் பெட்டி இல்லை.
மச்சான் இப்போது டொரொன்டோவில்
இரண்டு கார் வைத்திருக்கிறான். ஒன்று மின்சாரம்.

"இப்போதிலிருந்து மாதம் தொள்ளாயிரம் போட்டால்..."
என்று தொடங்கியவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.
கெட்டிக்காரி.
"சரி, ஐம்பது போட்டால்?"
எட்டு வருடத்தில் நாலாயிரத்து எண்ணூறு.
வட்டி ஒரு சப்பாத்து விலை.
மூன்று மாத வாடகை என்றேன்.
ஒன்றுமில்லாததற்கு இது பரவாயில்லை என்றார்.
அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.
கையெழுத்துப் போட்டேன்.

பிறகு நானாகத்தான் கேட்டேன்,
காசு எந்த வயது வரை வரும் என்று.
திரையில் ஒரு சின்ன வட்டம்.
அதை விரலால் இழுத்தார்.
எண்பத்தைந்தில் சிவப்பு.
எண்பதில் சிவப்பு.
கொஞ்சம் கொஞ்சமாக என்னை இளமையாக்கிக்கொண்டு வந்து
எழுபத்து மூன்று வயதும் நான்கு மாதமும் என்ற இடத்தில்
பச்சையாக்கினார்.
இருவரும் சிறிது நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.
யன்னலுக்கு வெளியே
ஏரிக் கப்பலொன்று ஓய்வுக்காரர்களை ஏற்றிக்கொண்டிருந்தது,
எல்லோருக்கும் நல்ல நடைச் சப்பாத்து.

வீட்டுக்கு வந்து
எல்லாவற்றையும் தவமலருக்குச் சொன்னேன்.
மூன்று தூண், புகைக்கூண்டு, ஐம்பது பிராங்.
ஐம்பதா, அறுபதாகப் போட்டிருக்கலாமே என்றாள்,
முழங்காலுக்கு மருந்து பூசியபடி.

அந்த வயதை மட்டும் சொல்லவில்லை.

அவள் என்னைவிட ஆறு வயது இளையவள்.
பள்ளிக்கூடத் தரை துடைக்க
நாலரைக்கு அலாரம் வைத்துக்கொண்டிருந்தாள்.