பக்கம்

நாகர்கோவிலில் வீடு தேடியபோதுதான்
என் ஊர்ப்பெயர் எவ்வளவு நீளம் என்று தெரிந்தது.
கடியபட்டணம் என்று சொல்லி முடிப்பதற்குள்
பாதி திறந்த கேட்
மீதியைத் திறக்க மறந்துவிடும்.

பெருவிளையில் ஒருவர்
"கடப்புறமா" என்றார்,
கேள்விக்குறி இல்லாமல்.
கிருஷ்ணன்கோயிலில் அட்வான்ஸை எண்ணி வாங்கியவர்
சாயங்காலம் போனில் சொன்னார்,
துபாயிலிருந்து மகன் வருகிறானாம், வீடு அவனுக்கு வேண்டுமாம்.
ஆறு வருடம் ஆகிறது.
அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பார்க்கிறேன்,
மகன் இன்னும் வந்து சேரவில்லை.

பார்வதிபுரத்து அக்கா நல்லவர்கள்.
உட்காரச் சொல்லி மோர் தந்தார்கள்.
"நாங்களும் வேதக்காரங்கதான் பிள்ளே,
ஆனா உங்க ஆளுவ சத்தமால்லா பேசுவாவ,
ஒருத்தர் வந்தா பின்னால பத்து பேரு வருவாவ,
பின்ன அந்த மீன் வாடை,
சுவத்துல பிடிச்சா போவுமா, சொல்லு?"

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர்கள் அடுக்களையில்
தேங்காயும் மாங்காயும் அரைத்துவிட்ட சாளைக்குழம்பு
கொதித்துக்கொண்டிருந்தது.

எனக்கு மீன் ஆகாது.
நான்கு வயதில் ஒரு துண்டு நெய்மீன் தின்று
கண் மூடும் அளவுக்கு முகம் வீங்கி
குளச்சல் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கிடந்தவள்.
இதை எந்தச் சுவரிடம் போய்ச் சொல்ல?
மோர் டம்ளரை வைத்துவிட்டு வெளியே வந்து
யாரும் பார்க்காதபோது
என் கையை நானே முகர்ந்து பார்த்தேன்.

சத்தம் என்பது மட்டும் உண்மை.
முப்பது வருடம் வள்ளத்தில்
எஞ்சினுக்கு மேலே பேசிய தொண்டை அப்பாவுக்கு.
ரகசியம் சொன்னாலும்
குருசடி வரைக்கும் கேட்கும்.

ஏழாவது வீட்டில் ஒரு சொல்லைக் கற்றுக்கொண்டேன்.
"எந்த ஊரு?"
"திங்கள்சந்தை பக்கம்."
பக்கம்.
ஒரே சொல்லில் பத்து கிலோமீட்டர் கரையேறிவிட்டேன்.
சாவி தந்தார்கள்.

அப்பா முதல்முறை வந்த ஞாயிற்றுக்கிழமை
தெருமுனையில் நின்று போன் செய்தார்.
"மக்களே, மேல வரட்டா?"
அவ்வளவு தணிந்த குரலில்
அதற்குமுன் அவரைக் கேட்டதில்லை.
வீட்டுக்காரர்கள் அவரிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.
நான்தான் சொல்லியிருந்தேன்.

வேப்பமூட்டில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிற வேலை எனக்கு.
நேற்றுக் காய்ச்சலோடு ஒரு பையன் வந்தான்.
கணுக்காலில் சிமெண்ட் காய்ந்திருந்தது.
அவன் எதிரே உட்கார்வதற்குள்
மேசைமேல் கிடந்த என் கைப்பை
இழுப்பறைக்குள் போய்விட்டது.
நான் வைத்ததாக நினைவில்லை.
பூட்டு விழுகிற சத்தம்தான் கேட்டது.
அவனுக்கும் கேட்டது.

"பேரு?"
"ரஃபிக்குல்."
"ஊரு?"
ஒரு நொடி நிறுத்தினான்.
அந்த நொடியை எனக்குத் தெரியும்,
அதற்குள் எத்தனை கேட்டுகள் என்றும்.
"கொல்கத்தா பக்கம்."

ஆதார் நகலில் அசாம் என்றிருந்தது,
ஆற்றங்கரை ஊர் ஏதோ ஒன்று.
நான் கொல்கத்தா பக்கம் என்றே எழுதினேன்.
நரம்பு சட்டென்று கிடைத்தது.
பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொன்னேன்.
சொன்னதற்கு மேலேயே அழுத்திப் பிடித்தபடி,
நாற்காலியை இருந்த இடத்தில் சரியாகத் தள்ளி வைத்து,
எதையும் தொடாமல் போனான்.

ராத்திரி அப்பாவைக் கூப்பிட்டேன்.
கடல் எப்படி, வலைக்கு என்ன கிடைத்தது,
ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல்லில் பதில்.
"சத்தமா பேசுங்கப்பா" என்றேன்.
லைன் சரியில்லையோ என்று கேட்டார்,
அதையும் மெதுவாக.